ஹார்டியின் புதினத்தில் காதலும் முன்னிலைச் சொல்லும்

தாமஸ் ஹார்டியின் ‘அண்டர் த கிரீன்வுட் ட்ரீ’ (1872) கிராம வாழ்வைச் சித்திரிக்கும் செவ்வியல் புதினமாகப் போற்றப்படுகிறது. தேவாலய இசைக்குழு ஆர்கன் கருவியின் வரவால் இடமிழப்பதும், டிக் டூயி – ஃபேன்சி டே காதலும் இதன் இரு இழைகள். இவற்றுள் காதல் இழை ஏமாற்றமே தருகிறது. டிக்குக்கு மணவுறுதி அளித்த ஃபேன்சி, பங்குக் குருவின் மணவிருப்பத்தையும் ஏற்று மறுநாளே மறுக்கிறாள். அது டிக்குக்குத் தெரியாமலே கதை முடிகிறது. இசைக்குழுவினரின் வட்டாரப் பேச்சில் காணும் உயிர்ப்பு காதலர் உரையாடலில் இல்லை.

எனினும் திருமணப் பகுதியில் வரும் ஒரு செய்தி மொழியியலார் கருதத்தக்கது. ‘தீ’, ‘தவ்’ என்னும் ஒருமை முன்னிலைச் சொற்களைத் தவிர்க்குமாறு தன் தந்தையையும் மாமனாரையும் ஃபேன்சி பணிக்கிறாள். பள்ளி ஆசிரியையான அவளது உயர்வு வேட்கை காதற் காட்சிகளைவிட இக்கட்டளையிலேயே தெளிவாகப் புலப்படுகிறது.

மொழிபெயர்ப்பின் இடரும் இங்கேதான் உள்ளது. அச்சொற்களை ‘நீ’ எனப் பெயர்த்தால், தந்தை மகளை ‘நீ’ என்பது தமிழில் இயல்பாதலின், தடை பொருளிழக்கும். ஃபேன்சி விலக்குவது ஒருமையை மட்டுமன்று, நாட்டுப்புற அடையாளத்தையும் ஆகும். எனவே வட்டார வழக்கு வடிவமொன்றே அங்குப் பொருந்தும். இப்புதினத்தின் மெய்யான சிக்கல் காதலன்று. பேச்சுவழக்கைக் குறித்த நாணமே எனலாம்.