நல்லதங்காள் தெருக்கூத்து

நல்லதங்காள் கதை, கதைப்பாடலாகப் பரவிய தமிழ் நாட்டுப்புறக் கதை. மரக்காணம் உப்பளப் பகுதி அடங்கிய வட தமிழகத்தில் இது தெருக்கூத்தாகவும் ஆடப்படுகிறது. பாட்டு ஏட்டு நடையிலும் கட்டியக்காரன் பேச்சு ஊர் வழக்கிலும் அமைவதால், விடிய விடியக் கூத்துப் பார்க்கும் குடும்பத்தில் சிறுவருக்கும் கதை விளங்குகிறது.

பஞ்சத்தால் ஏழு பிள்ளைகளுடன் அண்ணன் நல்லதம்பி வீட்டுக்கு வருகிறாள் நல்லதங்காள். அவன் இல்லாத நேரத்தில் அண்ணி மூளி அலங்காரி ஓட்டைப் பானையும் பச்சை விறகும் தந்து அவமதிக்கிறாள். மனம் உடைந்தவள் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளித் தானும் விழுகிறாள். மெக்சிகோவின் லா யோரோனா கதையிலும் தாய் பிள்ளைகளை நீரில் மூழ்கடிக்கிறாள். அங்கே பெரும்பாலும் கணவனின் துரோகம் காரணம், இங்கே பசி.

பஞ்சத்தில் தொடங்கும் கதை அண்ணி மீதான பழியில் முடிவது இதன் குறை. தாயின் கற்பைப் போற்றுவதில் பிள்ளைகளின் சாவும் தியாகமாகத் தோன்றிவிடுகிறது. அதை மறுப்பது மூத்த மகன் ஒருவனே. அவன் தப்பி ஓடுகிறான், உயிரோடு விடும்படி கெஞ்சுகிறான். மழைக்காலத்தில் உப்பு வேலை நின்று கூலி இல்லாமல் போகும் கரையில், அந்தக் கெஞ்சலை அவசரமாகக் கடந்துவிடாமல் ஆடும் கூத்தே சிறந்த கூத்து.