நெப்டியூனின் கணக்கேடு

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்துக் கடற்கரையில் குளிப்பதற்கென்றே பிறந்த ஊர் அட்லாண்டிக் சிட்டி. 1854-இல் இருப்புப் பாதை வந்தது; 1870-இல் மணல்மீது மரப்பலகை நடைபாதை எழுந்தது; விடுதிகள் பெருகின. செப்டம்பர் முதல் திங்கட்கிழமை தொழிலாளர் நாள். அது கழிந்ததும் கூட்டம் கலையும், அறைகள் வெறிச்சோடும்.

வெற்றறைக்கு ஆள் பிடிக்க வழி என்ன? விழா எடுத்தனர் வணிகர்! 1920-இல் சக்கர நாற்காலி ஊர்வலம். மறு ஆண்டு செப்டம்பர் 7, 8 நாட்களில் அழகிப் போட்டி; தலைமை தாங்கக் கடற்கடவுள் நெப்டியூனே கரையேறி வந்தார். வகுப்பறையில் நான் அப்பெயரை ஒரு கோளுக்குச் சொல்லித் தருகிறேன். அங்கே அது விடுதிக்காரரின் விளம்பரப் பலகை. அக்கடவுளாக வேடம் புனைந்தவர் யார் தெரியுமா? புகையற்ற வெடிமருந்து வல்லுநர் ஹட்சன் மாக்சிம்! வெடி விபத்தில் இடக்கையை இழந்தவர். வாஷிங்டன் நகரத்துப் பதினாறு வயதுப் பெண் மார்கரெட் கோர்மன் முடி சூடினார். 'மிஸ் அமெரிக்கா' என்னும் பட்டத்தின் தொடக்கம் இதுவே.

இதனை மக்கள் மரபு என்பர் சிலர். நிலநடுக்கோட்டைக் கடக்கும் மாலுமிகளும் நெப்டியூன் வேடமிட்டுப் புதியவரைத் தண்ணீரில் முக்குவர். அஃது உழைப்பாளர் தமக்குள் ஆடிய ஆட்டம். அதில் எவர்க்கும் இலாபமில்லை. அட்லாண்டிக் சிட்டி விழாவோ கணக்கேட்டில் பிறந்து, வழக்கமென்று பெயர் சூடிக்கொண்டது. அதே 1921 செப்டம்பரில், அதே கரையில், காலுறையை முழங்காலுக்குக் கீழே சுருட்டிவிட்ட பெண் ஒருவரைக் காவலர் சிறையிட்டனர். தானாகக் காட்டினால் குற்றம். வணிகர் காட்டச் சொன்னால் பரிசு! என்னே நியாயம்!

இன்னொரு கொடுமையும் உண்டு. நடைபாதையில் சீமான்களின் நாற்காலிகளைத் தள்ளியவர் கறுப்பினத் தொழிலாளர். அவர் குளிக்க மிசௌரி அவென்யூ கரை எனத் தனியிடம். போட்டியில் வெள்ளை இனத்தார்க்கே இடமென 1930-களில் விதியே எழுதி வைத்தனர். பெயர் மட்டும் அமெரிக்க அழகி! 1968 செப்டம்பர் 7 அன்று பெண்கள் நடைபாதையில் திரண்டு, இடுப்புக் கச்சையையும் குதியுயர்ந்த காலணியையும் குப்பைத் தொட்டியில் எறிந்தனர். அன்றே அவ்வூரில் கறுப்பின மக்கள் தமக்கெனப் போட்டி ஒன்று நடத்தினர். கறுப்பினப் பெண் ஒருவர், வனெசா வில்லியம்ஸ், அம்முடியைச் சூட 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கல்வி உதவி தருகிறோமே என்றனர் விழாவினர். உண்மை; 1945-இல் பெஸ் மையர்சன் அவ்வுதவியைப் பெற்றார், பட்டம் வென்ற முதல் யூதப் பெண் அவர். ஆனால் படிப்புக்குப் பணம் பெற ஒருத்தி நீச்சலுடையில் நடப்பானேன்? இக்கேள்விக்கு 2018 வரை விடையில்லை. அவ்வாண்டுதான் நீச்சலுடைச் சுற்று ஒழிந்தது. போட்டியோ ஏற்கெனவே 2006-இல் லாஸ் வேகாசுக்குப் போய், 2013-இல் திரும்பியிருந்தது. 2019-இல் கனெக்டிகட் மாநிலத்தின் சூதாட்ட விடுதி ஒன்றுக்குக் குடியேறிற்று. கடலைக்கூட அது உடன் கொண்டு செல்லவில்லை.