பொட்டிபுரம்: சண்டை துகளுக்கா, பாறைக்கா?

திரிசூலம் ஸ்டேஷனைத் தாண்டும்போது, ஜல்லிக்காக வெட்டித் தின்ற குன்றுகள் தெரியும். தாம்பரத்துக்காரர்களுக்குப் பழகிப்போன காட்சி. 'மலைக்குள்ளே வெடி வைப்போம், ஒண்ணும் ஆகாது' என்று யார் சொன்னாலும் எனக்கு அந்தக் குன்றுகள்தான் ஞாபகம் வரும். தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகம் பற்றி இரு தரப்பும் எழுதியதைப் படிக்கும்போதும் அப்படித்தான்.

முதலில் எதிர்ப்பு. நியூட்ரினோவால் கதிர்வீச்சு வரும், ஊரே அழியும் என்ற பிரசாரம் சுத்த அபத்தம். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் உங்கள் கட்டைவிரல் நகத்தை மட்டும் நொடிக்கு 6,000 கோடிக்கு மேல் துளைத்துப் போகின்றன. ஒண்ணும் ஆகலையே! செர்னில் துகள்களை முடுக்கி மோதவிடுகிறார்கள். இங்கே முடுக்கியே கிடையாது, தானாக வருவதைப் பதிவு செய்வது மட்டும்தான். அப்புறம் மலை எதற்கு? மேலிருந்து பொழியும் மியூவான்களைத் தடுக்கத்தான் தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டர் பாறை. அந்த இரைச்சல் அடங்கினால்தான், 50,000 டன் இரும்புத் தகடுகளுக்குள் எப்போதாவது மோதும் ஒரு நியூட்ரினோ கண்ணில் படும்.

ஆனால் என்னைக் கேட்டால், ஆதரவுத் தரப்பு செய்த தப்பு இதைவிடப் பெரிசு. துகள் பாதுகாப்பானது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பாறையைப் பற்றிக் கேட்டவனுக்கும் காதில் விழுந்தது அதே பதில்தான். சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம், வெட்டி எடுக்கும் கல், லாரி, தண்ணீர், மேய்ச்சல்: ஊர்க்காரனின் கேள்வி இதுதானே? முதலில் பார்த்த இடம் நீலகிரியின் சிங்காரா. முதுமலை புலிகள் காப்பகத்தை ஒட்டி இருந்ததால் 2009-இல் அது மறுக்கப்பட்டது. அதற்குப் பிறகும் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் வருகிற இடம்! 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது இந்தத் தூரக் கணக்கை ஒட்டித்தான். நியூட்ரினோவின் குணத்தை வைத்து அல்ல. அடுத்த ஆண்டே 'சிறப்பு நேர்வு' என்று மத்திய அரசு அனுமதி கொடுத்தது. சந்தேகப்படுகிறவனுக்கு இதைவிட நல்ல தீனி வேண்டுமா?

நஷ்டம் சின்னதில்லை. 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தில், வளிமண்டல நியூட்ரினோவை உலகில் முதலில் பார்த்தவர்களில் நாமும் இருந்தோம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. 2022-இல் தமிழக அரசு அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. இன்று கையில் இருப்பது மதுரையில் ஓடிய 85 டன் மாதிரிக் கருவி. மூன்று வகை நியூட்ரினோக்களின் நிறை வரிசை என்ன என்ற அதே கேள்வியோடு, சீனாவின் ஜூனோ 2025 ஆகஸ்டில் தரவு சேகரிக்கத் தொடங்கிவிட்டது.