ஊருக்குள் போகாத சமூகவியல்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைக்குச் சமூகவியல் என்றொரு பாடம் இருப்பதே பிளஸ் டூ முடித்துக் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான் தெரியவருகிறது. மேல்நிலை வகுப்புகளில் வரலாறு உண்டு, பொருளியல் உண்டு, அரசியல் அறிவியலும் உண்டு. சமூகவியல் கிடையாது. கேரளத்திலும் கர்நாடகத்திலும் அது பதினொன்றாம் வகுப்பிலிருந்தே பாடம். இந்த ஒரு வேறுபாடு நம் ஊரில் அந்தப் படிப்பின் தலையெழுத்தையே தீர்மானித்துவிட்டது. விரும்பி வருகிறவர்கள் குறைவு; பி.காம்., பி.சி.ஏ. கிடைக்காமல் கலந்தாய்வின் கடைசிச் சுற்றில் வந்து ஒதுங்கியவர்கள் அதிகம். வேலையிலும் அடி விழுகிறது. கலைப் பட்டதாரிகளுக்குள்ள பெரிய வாசல் பள்ளி ஆசிரியர் பணி. வரலாறோ பொருளியலோ படித்தவர் பி.எட். முடித்து ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு எழுதலாம். பள்ளியில் இல்லாத பாடத்துக்கு ஆசிரியர் எதற்கு?

இந்தச் சங்கடத்தைச் சமாளிக்கத் துறைகள் தயாராக வைத்திருக்கும் பதில் ஐ.ஏ.எஸ். குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் சமூகவியல் விருப்பப் பாடம், இரண்டு தாள், 500 மதிப்பெண், பாடத்திட்டம் சிறியது, கட்டுரைத் தாளுக்கும் கைகொடுக்கும் என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த விருப்பப் பாடத்தை எடுப்பவர்களில் பொறியியல் படித்தவர்கள் ஏராளம். ஹரலம்போஸ் புத்தகத்தையும் பயிற்சி மையக் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு சில மாதங்களில் தயாராகிவிடுகிறார்கள். அதையே மூன்று வருடம் வகுப்பில் உட்கார்ந்து படித்தவருக்கு அவர்களைவிடக் கூடுதலாக என்ன தெரியும்? ஐ.ஏ.எஸ். பெருமை பேசும் துறைத்தலைவர்கள் இந்தக் கேள்வியைத் தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. மனப்பாடம் செய்து எழுதக்கூடிய பகுதிதான் சமூகவியல் என்றால் அதற்குத் தனியாக ஒரு பட்டம் வேண்டியதில்லை.

அந்தப் படிப்பின் உயிர் களப்பணி. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் 1919இல் பேட்ரிக் கெட்டிஸ் தலைமையில் சமூகவியல் துறை தொடங்கியது. அடுத்து வந்த கோவிந்த் சதாசிவ குர்யேயிடம் படித்தவர் எம்.என். சீனிவாஸ். அவர் 1948இல் மைசூர்ப் பக்கம் ராம்புரா என்று தான் பெயர் மாற்றி எழுதிய கிராமத்தில் போய்த் தங்கினார். இன்று டீக்கடைவரை பேசப்படும் 'ஓட்டு வங்கி' என்ற கருத்தை ஆய்வுக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். 'ஆதிக்கச் சாதி' என்பதும் அவர் வழியாகவே புழக்கத்துக்கு வந்தது. 1970இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் அவர் தங்கியிருந்த ஆய்வு மையத்துக்கு யாரோ தீ வைக்க, பல ஆண்டுகளாக ஒழுங்குபடுத்திய களக்குறிப்புகள் எரிந்துபோயின. நினைவை நம்பி எழுத உட்கார்ந்தார். 1976இல் 'தி ரிமெம்பர்ட் வில்லேஜ்' வந்தது. ஊரில் அவ்வளவு ஊறியிருந்தவருக்குத்தான் அது முடியும்.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஆந்த்ரே பெத்தேய். வங்காளத்தில் வளர்ந்த அவர் 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். ஸ்ரீபுரம் என்பது அவர் அந்த ஊருக்கு வைத்த புனைபெயர். சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் முன்பு ஒரே கையில் இருந்த ஊரில் அவை எப்படித் தனித்தனியாகப் பிரிந்துகொண்டிருந்தன என்று காட்டிய நூல் 1965இல் வெளிவந்தது. நிலமும் மரியாதையும் இருந்த இடத்தை விட்டுப் பஞ்சாயத்து அதிகாரம் வேறு தெருவுக்கு நகர்ந்ததை அதில் பார்க்கலாம். அவருக்குத் தங்க இடம் கிடைத்தது அக்ரகாரத்தில். ஊர் அவரை அக்ரகாரத்து ஆளாகவே பார்த்தது. அதனால் ஆதிதிராவிடர் தெருவில் புழங்கும் வாய்ப்பு சுருங்கியது. இந்தக் குறையை அவர் மறைக்கவில்லை, நூலிலேயே சொல்லிவிட்டார்.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். பெத்தேயால் எளிதில் போக முடியாத தெருவிலிருந்து வரும் பிள்ளைகள்தான் இன்று நம் அரசுக் கலைக் கல்லூரிகளின் சமூகவியல் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். எந்தத் தெருவில் எந்தக் கடையில் யாருக்குக் கடன் தருவார்கள், கோயில் கொடைக்கு வரி யாரிடம் வாங்குவார்கள், யாரிடம் வாங்க மாட்டார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பெரிய ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் தவம் கிடந்து தேடிய விஷயங்கள். இவர்களிடம் வகுப்பறை என்ன கேட்கிறது? டால்காட் பார்சன்ஸ் சொன்ன நான்கு செயற்பாடுகளை எழுது, ஐந்து மதிப்பெண். சமூகத்தின் இலக்கணங்கள் யாவை, பத்து மதிப்பெண். சங்கர் ராவ் புத்தகத்திலிருந்து ஆசிரியர் சொல்லச்சொல்ல எழுதிய நோட்டு, அதையே தேர்வில் திருப்பி எழுதும் தாள். டர்கைமும் வெபரும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1916இல் கொலம்பியாவில் சாதியின் தோற்றம் பற்றிக் கட்டுரை வாசித்த அம்பேத்கர், பாடத்திட்டத்துக்குள் வர இத்தனை பத்தாண்டுகள் ஆனது ஏன் என்றும் அதே வகுப்பில் கேட்கலாம் என்கிறேன்.

உள்ளூர்க்காரராக இருப்பது மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தன் தெருவைத் தெரிந்தவனுக்குப் பக்கத்துத் தெருவைப் பற்றி இருப்பது பெரும்பாலும் வதந்திதான். அதை உடைக்கத்தான் முறையியல் வேண்டும்.

ஒரு சின்ன உதாரணம். கணக்கெடுப்புப் படிவங்களில் 'மாத வருமானம்' என்று ஒரு கட்டம் இருக்கும். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அந்தக் கேள்வியை அப்படியே கேட்டால், "என்னத்தப்பா சொல்றது, ஒரு அஞ்சாயிரம் போட்டுக்க" என்பார்கள். மாதக் கணக்கில் வருமானம் பார்க்கும் வீடு அல்ல அது. நடவுக்கு எத்தனை நாள் போனீர்கள், அறுப்புக்கு எத்தனை நாள், நூறு நாள் வேலையில் அட்டையில் எத்தனை நாள் ஏறியது, மாடு கறக்கிறதா, பால் சொசைட்டிக்குப் போகிறதா, திருப்பூரில் இருக்கும் மகன் எவ்வளவு அனுப்புகிறான், மகளிர் குழுக் கடனுக்கு வாரம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று பிரித்துப் பிரித்துக் கேட்டால் வேறொரு தொகை வரும். அந்த மகன் அனுப்பும் பணம் மாமியார் பக்கத்தில் நிற்கும்போது ஒரு தொகையாகவும், நிற்காதபோது வேறு தொகையாகவும் இருக்கும். இதைப் பிடிக்கத் தெரிந்தவர்தான் சமூகவியல் படித்தவர். எந்தப் பயிற்சி மையக் குறிப்பிலும் இது வராது.

நூறு வருடத்துக்கு முன்னால் இந்த மண்ணில் இதை மாணவர்களே செய்திருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். தூசி, இருவேல்பட்டு, கங்கைகொண்டான் உள்ளிட்ட ஊர்களின் விவரங்கள் 1918இல் நூலாயின. மாணவர்கள் திரட்டிய அந்தத் தகவலை அடிப்படையாக வைத்துப் பின்வந்த ஆய்வாளர்கள் 1930களிலும் அதற்குப் பிறகும் திரும்பத் திரும்ப அதே ஊர்களுக்குப் போய் நிலம், கூலி, சாதி எப்படி மாறின என்று ஒப்பிட்டிருக்கிறார்கள். அதைச் செய்தது பொருளியல் துறை என்பதைச் சமூகவியல்காரர்கள் கொஞ்சம் கூச்சத்தோடு நினைத்துப் பார்க்கலாம்.

இன்றைய புராஜெக்டைப் பாருங்கள். தலைப்பு ஏறக்குறைய ஒரே அச்சு: 'கட்டுமானத் தொழிலாளரின் சமூகப் பொருளாதார நிலை: ஓர் ஆய்வு'. கட்டுமானத் தொழிலாளர் இருந்த இடத்தில் அடுத்த வருடம் மீனவர், அதற்கடுத்த வருடம் முதியோர். நூறு பேரிடம் கேட்டதாகக் கணக்கு. பாதிப் படிவம் விடுதி அறையில் நிரம்பியிருக்கும். அப்புறம் அட்டவணைகள்: பதிலளித்தோரில் 62 விழுக்காட்டினர் ஆண்கள், 38 விழுக்காட்டினர் பெண்கள். அட்டவணைக்குக் கீழே அதே எண்களை வாக்கியமாகத் திருப்பி எழுதிய ஒரு பத்தி. பரிந்துரையில் அரசு விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும் என்று ஒரு வரி. ஸ்பைரல் பைண்டிங், வைவா, முடிந்தது. மாணவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பேருந்துக் கட்டணம்கூட யாரும் தருவதில்லை. வழிகாட்டும் ஆசிரியர் பல இடங்களில் கௌரவ விரிவுரையாளர். அவருக்கே அடுத்த வருடம் வேலை நிச்சயமில்லை.

வேலைச் சந்தையோ வேறு கதை சொல்கிறது. களம் தெரிந்த ஆளுக்குத் தேவை கூடிக்கொண்டே போகிறது. கம்பெனிச் சட்டத்தின்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற விதி 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் செலவால் உண்மையில் பலன் இருந்ததா என்று பெரிய நிறுவனங்கள் வெளியாரை வைத்து மதிப்பிட வேண்டும் என்பது 2021இல் கட்டாயமானது. குடும்ப நல ஆய்வு முதல் சோப்பு விற்பனை ஆய்வுவரை வீடு வீடாகப் போய்க் கேட்க ஆள் வேண்டும். கேள்வித்தாள் தயாரிக்கவும், வந்த விடை நம்பத்தக்கதா என்று சரிபார்க்கவும் அதைவிட நல்ல ஆள் வேண்டும். செயலி தயாரிக்கும் பெங்களூர் நிறுவனங்கள் பயனாளரைக் கூடவே இருந்து கவனித்து எழுத ஆள் எடுக்கின்றன. வரப்போகும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. 1931க்குப் பிறகு நாடு முழுவதற்குமான முழுச் சாதிக் கணக்கு வெளிவந்ததே இல்லை. அந்தப் பட்டியல் வெளியாகும் நாளில், எந்தப் பெயர் எந்தப் பெயரோடு சேரும், யார் எதற்காகப் பெயரை மாற்றிச் சொன்னார்கள் என்று பிரித்துப் பார்க்க ஆட்கள் தேவைப்படுவார்கள்.

அரசே திறந்த வாசலை அரசே மூடியதும் உண்டு. 2013இன் நிலம் கையகப்படுத்தல் சட்டம், நிலத்தை எடுக்குமுன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்றது. யார் இடம்பெயர்வார்கள், யாருடைய பிழைப்பு போகும், கிராமம் என்ன சொல்கிறது என்பதையெல்லாம் கேட்டு எழுதுவது. சமூகவியலாளருக்கென்றே எழுதிய பிரிவு போன்றது. தமிழ்நாடு அரசோ நெடுஞ்சாலை, தொழில்துறை, ஆதிதிராவிடர் நலம் ஆகியவற்றுக்கு நிலம் எடுக்கும் தன் மூன்று சட்டங்களுக்கு விலக்கு வாங்கிக்கொண்டது. 2019இல் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றதும் அதே ஆண்டில் புதுச் சட்டம் இயற்றி அவற்றை உயிர்ப்பித்தது. இதை எதிர்த்துச் சமூகவியல் துறைகளிலிருந்து ஒரு தீர்மானமாவது வந்ததாக எனக்கு நினைவில்லை.

இருக்கும் வேலைகளை அள்ளிக்கொண்டு போவது பெரும்பாலும் சமூகப் பணித் துறை. 500 தொழிலாளர் இருந்தால் நல அலுவலர் வேண்டும் என்று 1948இன் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னபோது அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தவர்கள் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்கள். வாரத்தில் இரண்டு நாள் களப்பணி என்பது பல எம்.எஸ்.டபிள்யூ. துறைகளில் வழக்கம். படித்து முடிக்கும்போது மருத்துவமனை, சிறார் இல்லம், ஆலை என்று அவர்கள் காலடி படாத இடம் இருக்காது. தொண்டு நிறுவனக்காரர் நேர்காணலில் கோட்பாட்டைக் கேட்பதில்லை, எங்கே வேலை பார்த்தாய் என்றுதான் கேட்கிறார். சமூகவியல் எம்.ஏ. அங்கே விழிக்கிறார். ஆனால் ஒன்று: சமூகப் பணி படித்தவர் திட்டத்தை நடத்துவார், அந்தத் திட்டம் ஒரு தெருவைத் தாண்டி மறுதெருவுக்கு ஏன் போகவில்லை என்று கேட்கும் பழக்கத்தை அவருடைய படிப்பு அவ்வளவாகத் தருவதில்லை. அதைத் தரக்கூடியது சமூகவியல்தான். கொடுக்கிறதா என்பதுதான் பிரச்சினை.

சம்பளத்தையும் மழுப்பாமல் சொல்லிவிடலாம். வெறும் பி.ஏ.வோடு நின்றால் கிடைப்பது தினப்படிக் கணக்கில் கேள்வித்தாள் தூக்கும் வேலைதான். பட்டத்தோடு புள்ளியியல் மென்பொருள் ஒன்றும், ஆங்கிலத்தில் தெளிவாக ஓர் அறிக்கை எழுதும் திறனும் சேர்ந்தால் நிலைமை மாறும். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எடுத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு ஆய்வு செய்யலாம். அதற்குப் பின் நிரந்தரக் கல்லூரி வேலை கிடைக்கும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆகவே என் தீர்ப்பு, பாடத்தின் மேல் அல்ல, அதை நடத்தும் விதத்தின் மேல். நல்ல துறைகள் இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடிப்பதும் கடினமில்லை. விண்ணப்பம் போடும் முன் மாணவரும் பெற்றோரும் துறைக்கு நேரில் போய் மூன்று கேள்வி கேளுங்கள். போன வருடம் மாணவர்களை எந்த ஊரில் எத்தனை நாள் தங்க வைத்தீர்கள்? நல்ல புராஜெக்ட் என்று நீங்கள் நினைக்கும் ஒன்றைக் காட்ட முடியுமா? மூன்று வருடத்துக்கு முன் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? முதல் கேள்விக்கு ஊர்ப்பெயர் வரவில்லை என்றால் அந்தக் கல்லூரியில் சமூகவியல் எடுக்காதீர்கள். பொருளியலோ சமூகப் பணியோ எடுத்துக்கொள்ளுங்கள். சீனிவாஸையும் பெத்தேயையும் நூலகத்திலேயே படித்துக்கொள்ளலாம்.