முறையும் முன்னுரிமையும்: மஜிக் சீட்டாட்டத்தின் கால விதிகள் பற்றிய ஒரு நோக்கு

விளையாட்டு விதிகளைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே அருகியே காணப்படுகின்றது. நாடகத்தில் எந்தப் பாத்திரம் எப்பொழுது பேசுகின்றது என்பதை நுணுகி ஆராயும் நாம், ஆட்டமொன்றில் யார் எப்பொழுது செயற்படலாம் என்பதை விதிப்புத்தகத்துக்குரிய செய்தியென ஒதுக்கிவிடுகின்றோம். கணிதவியலாளரான றிச்சட் காஃபீல்ட் ஆக்கி, 1993ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ‘மஜிக்: த கதரிங்’ என்னும் சேகரிப்புச் சீட்டாட்டத்தை நோக்குமிடத்து இவ்வொதுக்கல் பொருந்தாதென்பது புலனாகும்.

நம்மவர் நன்கறிந்த முந்நூற்றிநாலில் ஆளுக்கொரு சீட்டாக வரிசை தப்பாது இறங்குகின்றது. மற்றவன் முறையில் இடையே புகுந்து சீட்டிறக்குதல் அளாப்பலாகும். மஜிக்கிலோ மற்றவரது முறையிற் குறுக்கிடுதலே ஆட்டத்தின் உயிர்நிலை. அங்கே முறை என்பது வேறு, செயற்படும் முன்னுரிமை என்பது வேறு. முறைக்குரியவர் முன்னுரிமையை முதலிற் பெறுகின்றார். அவர் அதனை விட்டுக்கொடுத்ததும் அது எதிராளியைச் சேர்கின்றது. விடுக்கப்பட்ட மந்திரம் உடனே பலிப்பதில்லை. அது ‘அடுக்கு’ எனப்படும் இடத்திற் காத்திருக்கின்றது. அதன்மேல் இன்னொன்று வைக்கப்படலாம். இருவரும் ஒருவர்பின் ஒருவராக வாளாவிருந்தால் மட்டுமே மேலேயுள்ளது நிறைவேறும். இறுதியில் வந்தது முதலிற் பலிக்கும்.

எடுத்துக்காட்டொன்று இதனை விளக்கும். வலு இரண்டும் தாங்குதிறன் இரண்டுமுடைய கரடியொன்று என்னிடம் உள்ளதெனக் கொள்வோம். எதிராளி மூன்று சேதம் விளைக்கும் ‘லைட்னிங் போல்ற்’றை அதன்மீது ஏவ, நான் மறுமொழியாக ‘ஜயன்ற் குறோத்’தை இட்டால், கரடி அம்முறை முடியும்வரை ஐந்துக்கு ஐந்தாக வளர்ந்து அடியைத் தாங்கிவிடும். ஆனால் நான் முந்திக்கொண்டு வளர்ச்சி மந்திரத்தை இட, அதற்கு மறுமொழியாக அவர் இடியை ஏவினாலோ, வளருமுன்பே கரடி மடியும். என் மந்திரமும் இலக்கிழந்து வீணாகும். அவையே இரண்டு சீட்டுகள். வேறுபட்டது வரிசை மட்டுமே. பொறுத்திருந்தவனே வெல்கின்றான். முறைக்குரியவருக்கு முதற்சொல்லை வழங்கும் விதி, இறுதிச்சொல்லின் பயனைப் பெரும்பாலும் மற்றவருக்கே விட்டுவிடுகின்றது. இருவரது திறன்கள் ஒரே வேளையிற் கிளர்ந்தெழும்போதும் இவ்வாறே: முறைக்குரியவரது திறன் முதலில் அடுக்கப்படும், ஆதலால் பிந்தியே பலிக்கும்.

இவ்வொழுங்கு தொடக்கத்தில் இருந்ததன்று. முந்திய விதிகளிற் சீட்டுகளுக்கிடையிலேயே வேக வேறுபாடு இருந்தது. ‘இன்ரறப்ற்’ எனப்பட்ட வகை ஏனைய உடனடி மந்திரங்களை முந்திச்செல்லும் தனியுரிமை பெற்றிருந்தது. 1999இல் வெளியான ஆறாம் பதிப்பு இவ்வகையை ஒழித்து, அடுக்கு முறையைக் கொணர்ந்தது. சீட்டின் பிறப்பிலிருந்த ஏற்றத்தாழ்வு நீங்கி, மறுமொழி கூறும் உரிமை பொதுவாயிற்று. என் கருத்தில் மஜிக்கின் வரலாற்றில் மிக முக்கியமான சீர்திருத்தம் இதுவே. (2006இல் ‘ஸ்பிளிற் செக்கன்ட்’ என்னும் திறன் வந்து, சில மந்திரங்களுக்குப் பெரும்பாலும் மறுமொழியே கூறவியலாதபடி செய்தமை, பழைய தனியுரிமை பின்கதவால் நுழைந்தமையேயாம்.)

2009ஆம் ஆண்டின் மாற்றம் இவ்வளவு எளிதிற் தீர்ப்புக் கூறத்தக்கதன்று. 1999இன் விதிகளின்படி போர்ச்சேதமும் அடுக்கிற் காத்திருந்தது. ‘மொக் ஃபனற்றிக்’ என்னும் ஒன்றுக்கொன்றான சிறு பூதம், தன் அடியை அடுக்கில் விட்டபின் தன்னையே பலியிட்டு, மேலும் ஒரு சேதத்தை விளைக்கலாம். ஆள் மறைந்தபின்னும் அவன் ஓங்கிய கை வந்து விழும்! 2009இல் போர்ச்சேதம் அடுக்கிலிருந்து நீக்கப்பட்டது. இதனால் ஆட்டத்தின் நுட்பம் மழுங்கிற்று என வாதிப்போர் உளர். எல்லாம் காத்திருந்தே நிகழும் என்ற பொதுமை குலைந்தது உண்மையே. எனினும் பூதத்தின் நிலையைச் சிந்திக்க வேண்டும். முன்பு அதற்கு இரண்டும் கிடைத்தன. அங்கே தெரிவு என்பதே இல்லை, அறிந்தவன் அறியாதவனை மடக்கும் வித்தை மட்டுமே இருந்தது. இன்று அடிப்பதா, மடிவதா என அது தெரிந்தாக வேண்டும். விதி எளிமையுற்ற இடத்தில் முடிவெடுத்தல் கடினமாயிற்று. இதனை வீழ்ச்சியெனக் கொள்வதற்கில்லை.

ஆயினும் விதியிலுள்ள சமத்துவம் மேசையில் முழுமையாகக் கிட்டுவதில்லை. நேரில் ஆடுவோர் ஒவ்வொரு தடவையும் முன்னுரிமையை வாய்விட்டுக் கூறுவதில்லை. தலையசைப்பும் பார்வையுமே போதுமானவையாகின்றன. தான் மறுக்கத்தக்க தருணம் வந்துபோனதையே புதிதாகக் கற்பவன் அறியான். கேளாத உரிமையை விட்டுக்கொடுத்தவனாக அவன் கணிக்கப்படுகின்றான்.

2019இல் முறையாக வெளியான ‘மஜிக் அரீனா’ என்னும் கணினி வடிவம் இக்குறையைப் போக்கும்போதே வேறொன்றைத் தோற்றுவித்துள்ளது. செய்வதற்கு எதுவுமில்லாதவரின் முன்னுரிமையைப் பொறியே கடத்திவிடுகின்றது. ஏதேனும் உள்ளவரிடம் மட்டும் ஆட்டம் ஒருகணம் தயங்குகின்றது. அத்தயக்கத்தைக் கண்ட எதிராளி, கையில் மறுமொழி உண்டென ஊகித்துக்கொள்கின்றார். இதனாலேயே தேர்ந்த ஆட்டக்காரர் தானியங்கு வசதியைச் சிலபோது நிறுத்திவைத்து, கையில் ஒன்றுமில்லாதபோதும் தயங்கிக் காட்டுகின்றனர்.