சிற்றுருவக் கலையும் கைநூல் தேர்வும்

கைவினை கற்பிக்கும் நூலொன்றினை மதிப்பிடுமிடத்து, இலக்கிய நூல்களுக்குரிய அளவுகோல்கள் பெரிதும் துணைசெய்வதில்லை. நடை செம்மையாக இருக்கலாம். பதிப்பும் அழகாக அமையலாம். ஆயினும், அதனை விரித்துவைத்து வேலை தொடங்குபவனின் கையில் மண் வெடிப்பின், தீட்டிய வண்ணம் உரியின், அந்நூல் தன் கடமையிற் தவறியதாகவே கொள்ளப்படும். சாண் அளவுக்கு உட்பட்ட உருவங்களைச் சமைத்தலும் அவற்றுக்கு வண்ணந் தீட்டுதலும் பற்றிய நூல்களை ஆராயும்போது இவ்வுண்மை மேலும் தெளிவாகின்றது. பெருஞ்சிலையிற் கண்ணுக்குப் புலப்படாது மறையும் பிழை, சிற்றுருவத்தில் முகத்தையே கெடுத்துவிடும்.

இப்பிரச்சினையை ஓரிடஞ் சார்ந்து நோக்குதல் பயனுடையது. முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணீரூற்றும் அதனையடுத்த முள்ளியவளையும் வன்னியின் பழைய குடியிருப்புகள். 2009 இல் போரின் இறுதிக் கட்டத்தில் அம்மாவட்டத்து மக்கள் முற்றாக இடம்பெயர்ந்தனர். மீண்டு வந்தோர் வீட்டையும் வயலையும் போன்றே நூலகத்தையும் பெரும்பாலும் புதிதாகத் தொடங்க வேண்டியவராயினர். அத்தகைய சூழலில், சித்திரம் பயிலும் மாணவர்க்கெனப் பாடசாலையொன்று இரண்டே நூல்களை வாங்க இயலுமெனின் எவற்றை வாங்குதல் தகும்? நூல் மிகுந்த இடத்தில் இவ்வினா எழுவதில்லை. அங்கு தவறான நூல் தட்டிற் கிடந்து தூசி படியும், அவ்வளவே. இங்கோ அது ஒரு மாணவனின் ஓராண்டைத் தின்றுவிடும்.

சிற்றுருவம் வன்னிக்குப் புதிதன்று. சூடடிக்கும் களத்திற் சாணத்தாற் பிடித்து அறுகு சூட்டப்படும் பிள்ளையாரை எவரும் நூல் பார்த்துச் செய்வதில்லை. அயலிலுள்ள மன்னார் மாவட்டத்துக் கட்டுக்கரையிற் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் மேற்கொண்ட அகழ்வாய்வில் வழிபாட்டோடு தொடர்புடைய சுடுமண் உருவங்கள் பல கிடைத்துள்ளன. எனவே கை இருந்தது, மண்ணும் இருந்தது. கையிலிருந்து கைக்கு வந்த அறிவு அறுபட்டவிடத்து அதனை நூல் எவ்வளவு ஈடுசெய்யும் என்பதே ஆராயத்தக்கது.

தமிழ் மாணவனின் கண் முதலில் சிற்ப சாத்திரங்களையே நாடும். தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1960களில் மயமதம், காசியபம், சகளாதிகாரம் முதலியவற்றைத் தமிழாக்கத்தோடு வெளியிட்டமை பெரும் பணி. 1978 இல் வெளிவந்த வை. கணபதி ஸ்தபதியின் ‘சிற்பச் செந்நூல்’ அவற்றின் செய்தியைத் தமிழ் உரைநடையிலும் கோட்டுருவங்களிலும் வகுத்துத் தந்தது. கலைச்சொற்களுக்காக மட்டுமேனும் அந்நூல் போற்றத்தக்கது. முன்னர்ப் பட்டறைக்குள் மட்டும் வழங்கிய சொற்கள் பல அதன்வழி வகுப்பறைக்கு வந்தன.

எனினும், இந்நூல்களின் உயிர்நாடியான தாலமானம் சிற்றுருவத்துக்கு எவ்வாறு பொருந்தும்? உத்தம தசதாலத்தில் உருவத்தின் உயரம் 124 அங்குலங்களாகப் பகுக்கப்படும். ஓர் அங்குலம் எட்டு யவம். இவ்வங்குலம் அடிக்கோலின் அங்குலமன்று. உருவத்தின் உயரத்திலிருந்தே பெறப்படுவது. ஆகவே எவ்வளவு பெரிய சிலைக்கும் எவ்வளவு சிறிய சிலைக்கும் ஒரே விதி செல்லும் என்பது சாத்திரத்தின் துணிபு. கணிதத்தில் அது சரியே. ஆனால் 15.5 செ.மீ. உயரமுள்ள உருவமொன்றை எடுத்துக்கொண்டால், ஓர் அங்குலம் 1.25 மி.மீ. ஆகும்; ஒரு யவம் ஏறத்தாழ 0.16 மி.மீ. இமைக்கும் உதட்டுக்கும் யவக்கணக்கில் அளவு கூறும் விதியை இங்குக் கடைப்பிடிப்பதாயின், இரண்டு தலைமயிரின் தடிப்பு அளவில் மண்ணைச் செதுக்க வேண்டும். கல்லில் ஆளுயரச் சிலை செய்பவனுக்குச் சட்டமாக அமைவது, களிமண்ணில் விரற்கடை முகம் செய்பவனுக்கு வெறும் எண்ணாகிவிடுகின்றது.

மேலும், களிமண் உலர்கையிற் சுருங்கும். எங்கும் ஒரேயளவிற் சுருங்குமாயின் விகிதம் கெடாது. ஆனால் மெல்லிய கை முதலில் உலரும். தடித்த உடல் பின்னரே உலரும். வெடிப்பு இரண்டுஞ் சேரும் மூட்டிலே தோன்றும். தடித்த உடலை உட்குடையாது சுட்டாலோ, உள்ளே தங்கிய நீர் ஆவியாகி உருவத்தையே பிளந்துவிடும். கடைக்குச் செல்லும் ஆசிரியர் நூலின் அட்டைப்படத்தைப் பார்ப்பதிலும் பார்க்க, உலர்த்தலும் சுடுதலும் பற்றிய பக்கத்தைத் திறந்து பார்த்தல் நன்று. பிழை எவ்வாறு நேரும் என்று சொல்லாத நூலை எழுதியவர் மண்ணைத் தொட்டவர்தாமா என்ற ஐயம் எழுவது இயல்பே.

இதனாற் சாத்திரம் பயனற்றது என்பது முடிபன்று. அதன் எண்களினும் அதன் வகுப்புமுறையே சிற்றுருவக் கலைஞனுக்குப் பெருந்துணை. மும்மூர்த்திகளுக்குத் தசதாலம் வகுத்த மரபு, பிள்ளையாருக்கும் வாமனருக்கும் ஐந்து தாலத்தையே வகுத்தது. உயரத்தில் ஐந்திலொரு பங்கு முகமாகும்போது, உருவம் எவ்வளவு சிறுத்தாலும் முகம் தொலைவிலிருந்தே தெரியும். இன்று மேனாட்டுச் சிற்றுருவக் கலைஞர் தலையையும் கைகளையும் வேண்டுமென்றே பெருப்பித்துச் செய்வதன் காரணமும் இதுவே. களத்துப் பிள்ளையார் ஒரு பிடி சாணத்திலும் பிள்ளையாராகவே தெரிவதற்கு விளக்கம் இங்கே கிடைக்கின்றது. ஆனால் ‘ஐந்து தாலம்’ என்று விதித்து அமையும் நூலுக்கும், ஏன் ஐந்து என்று ஆராயும் நூலுக்கும் இடைவெளி மிகப் பெரிது.

செய்முறையே கூறும் பழைய நூல்களும் உண்டு. சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் வழங்கும் பன்னிரண்டாம் நூற்றாண்டு மானசோல்லாசம், மெழுகுருவைச் சுற்றி மண் அப்பி, மெழுகை உருக்கி நீக்கி, உலோகம் வார்க்கும் முறையை விரித்துரைக்கின்றது. மெழுகின் எடையைப் போல வெள்ளி பன்னிரு மடங்கும் பொன் பதினாறு மடங்கும் வேண்டும் என்பது அதன் கணக்கு. அடர்த்தியைக் கொண்டு சோதித்தால், வெள்ளிக்கு ஏறத்தாழ பதினொரு மடங்கு போதும். தூய பொன்னுக்கோ இருபது மடங்கு வேண்டும். அதாவது, வெள்ளியில் மிகுதி நிற்கும். பொன்னில் உருவம் குறையாகவே வரும். கலப்புப் பொன்னைக் கருதியே அவ்வெண் கூறப்பட்டது எனக் கொள்ள இடமுண்டு. எவ்வாறாயினும், பழமை காரணமாக ஓர் எண்ணைச் சோதியாது ஏற்றல் கைவினையிற் செல்லாது.

வண்ணந் தீட்டுதல் பற்றி விஷ்ணுதர்மோத்தரத்தின் சித்திரசூத்திரம் கூறுவது இங்கு நினைக்கத்தக்கது. நிழல் காட்டுதற்கு இலை நரம்பு போன்ற கோடு, மென்கோடு, புள்ளி என மூன்று முறைகளை அது வகுக்கின்றது. இவற்றுட் புள்ளிமுறை சிற்றுருவ முகத்துக்கு மிகவும் ஏற்றது. 1980 இல் அமெரிக்கரான செப்பர்ட் பெயின் வெளியிட்ட சிறுகாட்சி அமைப்பு நூலும் இதனோடு ஒப்பிடத்தக்கது. சிற்றுருவத்தின் மடிப்புகளில் இயற்கை ஒளி போதிய நிழலைத் தாராது. ஆகவே நிழலையும் ஒளியையும் தூரிகையே செய்தல் வேண்டும் என்பது அத்துறையின் அடிப்படை. அந்நூல் கருதும் பசைகளும் வண்ணங்களும் முல்லைத்தீவுக் கடைகளில் எளிதிற் கிடையா. ஆனால் அதன் நியாயம் எந்த வண்ணத்துக்கும் பொருந்தும். பொருளோடு பிணைந்த நூல் கடை மூடியதும் பயனிழக்கும். நியாயத்தோடு பிணைந்த நூலுக்கு அந்நிலை இல்லை.

இலங்கை மண்ணின் பொருள்களை அறியவேண்டின், ஆனந்த குமாரசுவாமி 1908 இல் 425 படிகளே அச்சிட்ட ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் ஆங்கில நூலுக்கு நிகர் வேறில்லை. கைவினைஞர் அருகிருந்து கேட்டெழுதப்பட்டமையால், புற்கூரும் விலங்கின் மயிருங் கொண்டு தூரிகை கட்டும் முறையும், கொறுக்காய் இனத்து மரமொன்றின் பிசினிலிருந்து மஞ்சள் பெறும் முறையும் அங்குக் காணக்கிடக்கின்றன. எனினும் அது ஆய்வாளன் எழுதியது, பயில்வோனுக்கென எழுதப்பட்டதன்று. பழைய வண்ணப் பட்டியல்களைக் கையாள்வதில் வேறோர் எச்சரிக்கையும் வேண்டும். அரிதாரம் ஆசனிக்குச் சேர்ந்தது. சாதிலிங்கம் பாதரசஞ் சேர்ந்தது. தூரிகை நுனியை நாவால் நனைக்கும் பழக்கமுள்ள மாணவர் கையில் இவற்றைக் கொடுக்கும் நூல், நஞ்சென்று ஒரு வரியேனும் எழுதாவிடின், அதனை வாங்காதிருத்தலே முறை.

ஆகவே, இரண்டு நூல்களெனின், கலைச்சொல்லுக்கும் கோட்டுருவத்துக்குமாகச் ‘சிற்பச் செந்நூல்’ ஒன்று. ஆங்கிலமேயாயினும் ஆசிரியர் விளக்கிச் சொல்லத்தக்க, படிப்படியான படங்களோடு பிழைகளையும் காட்டும் செய்முறை நூல் மற்றொன்று. சாத்திரப் பதிப்புகளையும் குமாரசுவாமியையும் பல்கலைக்கழக நூலகங்கள் காத்து, வேண்டும் பகுதிகளைப் பாடசாலைகளுக்குப் படியெடுத்து வழங்கலாம். மூன்றாவது நூலுக்கான இடம் வெறுமையாகவே உள்ளது. வன்னிக் குளக்கரை மண்ணில் எவ்வளவு மணல் கலப்பது, எந்தத் தடிப்புக்கு மேல் உட்குடைவது, மாரியில் எத்தனை நாள் நிழலில் உலர்த்துவது என்பவற்றைச் செய்துபார்த்துத் தமிழில் எழுதும் நூல் அது. அதனை எழுதுதற்குச் சாத்திரப் புலமையினும், குயவர் சூளையருகே சில மாரிகளைக் கழித்த அனுபவமே முதலில் வேண்டப்படும்.