அரசருக்குக் கோமாளி உடை: பிரெஞ்சு அச்சோவியத்தில் ஒரு மரபு

பிரெஞ்சு அச்சோவியத்தில் மேடைக் கோமாளிக்கு நான்கு நூற்றாண்டு வயது. அவனை வரைந்தவர்களை வரிசையாகப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். நேராகச் சொன்னால் சிறை என்றிருந்த காலத்தில்தான் இந்தக் கோமாளி மிகக் கூர்மையாகப் பேசியிருக்கிறான்.

மரபின் தொடக்கத்தில் நிற்பவர் ழாக் கலோ (1592–1635). நான்சியில் பிறந்து, ஃபுளோரன்சில் மெடிச்சி அரசவைக்குப் பணிபுரிந்து, 1621-இல் ஊர் திரும்பியவர். அந்த ஆண்டையொட்டி அவர் உருவாக்கிய ‘பாலி தி ஸ்ஃபெஸ்ஸானியா’ 24 சிறு செப்புத்தகட்டு அச்சுகளின் வரிசை. இத்தாலிய முகமூடி நாடகத்தின் கோமாளிகள் இருவர் இருவராக முன்னே துள்ளுகிறார்கள். பின்னே வெகுதொலைவில் ஊர்மக்கள். தகட்டில் மென்மெழுகுக்குப் பதிலாக, நரம்பிசைக் கருவி செய்பவர்களின் கெட்டி வார்னிஷைப் பூசினார் கலோ. சாய்முனைக் கருவியால் அதைக் கீறியபோது ஒரே கோடு மெலிந்தும் பருத்தும் ஓடியது. உடலின் துள்ளல் கோட்டிலேயே ஏறிவிட்டது. இந்தச் சிரிப்பு யாரையும் குறிவைக்கவில்லை; மனித உடல் இப்படியெல்லாம் வளையுமா என்ற வியப்புதான் அதில் இருக்கிறது.

குறி பிறந்தது 19-ஆம் நூற்றாண்டில், கல்லச்சு பரவிய பிறகு. கல்லின் மீது எண்ணெய்ப்பசையுள்ள கிரேயானால் வரைந்து உடனுக்குடன் அச்சிடலாம் என்றானதும், ஓவியர் வார இதழின் வேகத்துக்கு ஈடுகொடுத்தார். ஒனோரே தொமியே (1808–1879) அந்த வேகத்தின் மேதை. மன்னர் லூயி ஃபிலிப்பை மக்களின் பணத்தை விழுங்கும் பூதமாக வரைந்ததற்கு 1832-இல் ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றவர். வெளியே வந்தும் அடங்கவில்லை. 11 செப்டம்பர் 1834-இல் ஷார்ல் ஃபிலிப்போனின் ‘லா காரிக்கத்தூர்’ இதழில் ‘திரையை இறக்குங்கள், கூத்து முடிந்தது’ என்ற படம் வந்தது. பருத்த கோமாளி ஒருவன் கோலுடன் மேடையின் முன்னே நிற்கிறான். பின்னே இறங்கும் திரை மறைப்பது நாடாளுமன்றத்தை. கோமாளி மன்னர்தான் என்பது எவருக்கும் விளங்கியது. நாடாளுமன்றமே அவர் நடத்தும் கூத்து என்ற குற்றச்சாட்டை ஒரு தலையங்கம் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது. மறு ஆண்டே, மன்னர் மீதான கொலைமுயற்சியைக் காரணம் காட்டி, செப்டம்பர் சட்டங்கள் வந்தன. படங்களுக்கு முன் அனுமதி கட்டாயமாயிற்று. ‘லா காரிக்கத்தூர்’ நின்றுபோனது. எழுத்தை விடப் படத்துக்கே அரசு அதிகம் அஞ்சியது.

நாற்பது ஆண்டுகள் கழித்தும் அந்த அச்சம் போகவில்லை. ஓவியர் எதுவார் மனே 1874-இல் ‘பொலிஷினெல்’ என்ற கோமாளியை வண்ணக் கல்லச்சாகச் செய்தார். கூன் முதுகு, துருத்திய வயிறு, கையில் தடி. அந்த முகத்தில் குடியரசுத் தலைவர் மார்ஷல் மக்மாவோனின் சாயல் இருப்பதாகப் பேச்சு எழுந்தது. போலீஸ் தலையிட்டு அச்சுப் பரவாமல் தடுத்தது. மூன்றாண்டுகளுக்கு முன் பாரிஸ் கம்யூன் எழுச்சியை ஒடுக்கிய படைக்குத் தலைமை தாங்கியவர் மக்மாவோன். கோமாளியின் தடி பாரிஸ் மக்களுக்கு எதை நினைவூட்டியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

29 ஜூலை 1881-இன் பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் படங்களுக்கான முன் அனுமதியை ஒழித்தது. அடுத்த ஆண்டு தொடங்கிய ‘ல ஷா நுவார்’ இதழில் அடால்ஃப் வில்லெத் (1857–1926) வரைந்த பியரோ புதுவகைக் கோமாளி: காதலில் தோற்பவன், காசில்லாதவன், வரைந்தவரின் மறுவுருவம். சொற்களற்ற அந்தத் தொடர்ப்படங்களில் நகைச்சுவையும் துயரமும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. ஆனால் இதே வில்லெத் 1889 தேர்தலில் யூத எதிர்ப்பு வேட்பாளராக நின்று, அந்த வெறுப்பைத் தம் கையாலேயே சுவரொட்டியாகவும் வரைந்தார். ஆள்பவரை நோக்கிய கேலி அண்டை வீட்டாரை நோக்கித் திரும்பும்போது கலை எவ்வளவு தாழ்ந்துபோகும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று. அவர் திறமையைப் போற்றுபவர்கள் இதை மறைக்கக் கூடாது.

மரபை மீட்டவர் ழோர்ழ் ருவோ (1871–1958). 1948-இல் வெளியான 58 தகடுகள் கொண்ட ‘மிசெரேரே’ தொகுப்பில் ஒரு கோமாளி முகம் உண்டு. கறுத்துத் தடித்த கோடுகள், கவிந்த பார்வை. ‘வேடம் பூசாதவர் யார்?’ என்பது அதன் தலைப்பு. கேலி இங்கே மன்னரையும் விடவில்லை, வரைந்தவரையும் விடவில்லை, பார்ப்பவரையும் விடவில்லை.

கலைத்திறனில் கலோவுக்கும் ஆழத்தில் ருவோவுக்கும் முதலிடம் தரலாம். துணிவில் தொமியேவுக்கு இணை இல்லை. இந்த அச்சுகளைப் பேச்சுரிமையின் வரலாறாகவும் படிக்க வேண்டும். பிரான்சின் தேசிய நூலகம் இவற்றில் பலவற்றைத் தன் ‘காலிக்கா’ இணையத் தொகுப்பில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. கேலிச்சித்திரத்தில் அக்கறையுள்ள தமிழ் வாசகர்கள், குறிப்பாக இளம் ஓவியர்கள், தொமியேவிலிருந்து தொடங்கலாம்.